இடுப்புவலிக்குக் கைவைத்தியம்: தாராவி முதல் செம்பூர் வரை

இடுப்புவலி என்று வழக்கில் சொல்லப்படுவது, கடைசி விலா எலும்புக்குக் கீழே தொடங்கிப் புட்டத்தில் முடியும் அடிமுதுகின் வலி. ஐந்து பெரிய முள்ளெலும்புகள், அவற்றுக்கு நடுவே வட்டுகள், இருபக்கமும் பருத்த தசைகள், காலுக்கு இறங்கும் நரம்புகள் எல்லாம் அங்கே நெருங்கி இருக்கின்றன. எது நொந்தாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: “இடுப்பு பிடிச்சுக்கிட்டது.” 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050-ல் அது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு. இவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன வட்டு என்று விரல்வைத்துக் காட்டும்படியான காரணம் அகப்படுவதில்லை. கைவைத்தியம் கைகொடுப்பது இந்த ஒன்பது பேருக்கு. மிச்சமிருக்கும் அந்த ஒருவரிடம்தான் அது தோற்கிறது. சில நேரம் ஆளையே கெடுத்தும் விடுகிறது.

மும்பைத் தமிழர்களிடையே இந்த வலிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பலர் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். நீரில் ஊறிக் கனத்த தோலைக் குனிந்து தூக்கிப் புரட்டுவது அந்த வேலை. இட்லி வியாபாரிகள் இரவெல்லாம் மாவோடும் அடுப்போடும் நின்று, விடிந்ததும் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகரம் முழுக்க நடக்கிறார்கள். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதியில் பழைய பிளாஸ்டிக்கைப் பிரிப்பவர்கள் நாள் முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாடிக்கு ஏணி மட்டுமே உள்ள வீடுகளில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்குகிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கதை வேறு. அங்கே நாற்காலியும் லோக்கல் ரயிலும்தான் இடுப்பை ஒடிக்கின்றன. பாரம் தூக்கியவனின் வலியும் உட்கார்ந்தே இருந்தவனின் வலியும் ஒரே தைலத்தைத் தேடிப் போகின்றன.

சித்த மருத்துவம் இடுப்புவலியை வாத நோய்களில் வைக்கிறது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக எண்ணுகிறது. உள்ளுக்குத் தரும் அக மருந்துகள் 32, வெளியே செய்யும் புற மருந்துகள் 32 என்பது சித்தர் மரபின் கணக்கு. பற்று, பூச்சு, ஒற்றடம், வேது, கட்டு, அட்டை விடல், கொம்பு கட்டல் எல்லாம் புற மருந்துகளே. அவற்றில் இடுப்புக்கு மிகவும் வேண்டியது தொக்கணம், அதாவது கையால் பிடித்துவிடுதல். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய இயன்முறை மருத்துவர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் தமக்குத் தெரிந்த வேலையாகவே இருக்கும். பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1950-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாட்டின் முதல் இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இந்த நகரத்தில் தொழிலாளியின் முதுகைக் கவனித்தவர்கள் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் மாலிஷ்காரர்களும் உறவுக்காரர்களும்தான். 1957-ல் வந்த ‘பியாசா’ படத்தில் ஜானி வாக்கர் நடித்த மாலிஷ்காரன், எண்ணெய்க் குப்பிகளோடு சௌபாட்டிக் கடற்கரையில் அலைந்தவர்களை நினைவூட்டுபவன்.

பிடித்துவிட்டால் வலி ஏன் குறைகிறது? வலியின் செய்தி தண்டுவடத்தின் வழியாக மூளைக்குப் போகிறது. தொடுதலின் செய்தியும் அதே வழியில்தான் போகிறது. தடவுதலும் அழுத்தலும் அனுப்பும் செய்தி மிகும்போது வலியின் செய்திக்குத் தண்டுவடத்திலேயே தடை விழுகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-ல் விளக்கினார்கள். வலிக்குப் பயந்து இறுகிக்கொண்ட தசை சூட்டிலும் கையிலும் இளகுவது இன்னொரு காரணம். தொட்டவர் மீதுள்ள நம்பிக்கையும் ஒரு காரணம்தான். அதைக் குறைத்துச் சொல்வதில் நியாயமில்லை.

அந்த நம்பிக்கை விசித்திரமான வடிவங்களும் எடுக்கும். தலைக்குப் பதில் கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்கும் பிடிப்பும் போகும் என்பது தென் மாவட்டத்து நம்பிக்கை. மராத்தியரிடமும் இதே வழக்கம் உண்டு. அப்படிப் பிறந்தவரைப் ‘பாயாளு’ என்கிறார்கள், முதுகுப் பிடிப்புக்கு அவர் காலால் தொடவேண்டும் அல்லது மெல்ல உதைக்கவேண்டும். தாராவியில் ஒரே சந்தில் குடியிருக்கும் தமிழருக்கும் மராத்தியருக்கும் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தர ஒன்றுமில்லை. வால்டர் கிரெகர் 1881-ல் வெளியிட்ட வடகிழக்கு ஸ்காட்லாந்து நாட்டார் வழக்காற்று நூலிலும் இது அப்படியே இருக்கிறது: கால்முன்னே பிறந்தவர் தேய்த்தாலோ மிதித்தாலோ சுளுக்கும் இடுப்புவலியும் தீருமாம். கடலுக்கு அப்பால் வாழ்ந்தவர்களுக்கும் இது தோன்றியிருப்பதற்குக் காரணம், திடீரென்று வந்த இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே தளர்ந்துவிடுவதுதான். அந்த இடைவெளியில் யார் கால் பட்டாலும் புகழ் அவருக்குப் போகும். மருந்துக்கும் ஊசிக்கும் இது பொருந்தும் என்பதையும் சொல்லவேண்டும்.

நீவுதலுக்கு அடுத்த படி வர்மம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் நெல்லையின் தெற்குப் பகுதியிலும் ஆசான்கள் வழிவழியாகக் காத்த கலை இது. உடலில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்கள் என்பது கணக்கு. அடிபட்டால் ஆபத்தாகும் அதே இடத்தை அளவோடு தூண்டி இளக்குவதும், அதற்கென உள்ள இளக்குப் புள்ளிகளான அடங்கல்களைத் தொடுவதும், எண்ணெயிட்டுத் தடவுவதும் ஆசானின் வேலை. குருவிடம் இருந்து கற்றவர்கள் விரல் அளவும் அழுத்தும் நேரமும் பார்த்துத்தான் தொடுகிறார்கள். அரைகுறையாகக் கற்றுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். மராத்தி, குஜராத்தி மக்களிடையே எலும்பு சேர்ப்பவர்களை ‘ஹாட் வைத்யர்’ என்பார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் இந்தத் திறமை ஒன்று. முதுகைத் திருகி நெட்டி எடுப்பது வேறொன்று. முடிதிருத்தும் நாற்காலியில் கழுத்திலும் முதுகிலும் ‘டக்’கென்று கேட்பது விலகிய எலும்பு இடத்தில் சேர்ந்த சத்தம் அல்ல, மூட்டு நீரில் வாயுக் குழி உண்டாகும் சத்தம். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்து அதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு தேய்ந்த முதியவருக்கும், வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனவருக்கும் முதுகைத் திருகுவது கூடவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலிடம் ஒற்றடத்துக்கு. செலவு இல்லை, ஆபத்தும் குறைவு, பலன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரையைவிட முன்னால் வெதுவெதுப்பான சூட்டையும் மசாஜையும் முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட நெறிமுறையே சொல்கிறது. கல் உப்பையோ மணலையோ தவிட்டையோ வாணலியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒற்றுவது எளிய முறை. ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வைப்பதும் உண்டு. நொச்சி, ஆமணக்கு, எருக்கு, புளி, முருங்கை, வாதநாராயணன், தழுதாழை ஆகிய இலைகளில் கிடைத்ததை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கிக் கட்டினால் அது இலைக்கிழி. மூட்டையைச் சூடான எண்ணெய்ச் சட்டியில் தொட்டுத் தொட்டு, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே நோயாளியின் முதுகில் ஒற்றவேண்டும்.

மும்பையில் இந்த இலைகளுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு நகரமே பதில் வைத்திருக்கிறது. மராத்தியர்கள் மாருதிக்குச் சனிக்கிழமை எருக்கிலை மாலை சாற்றுவார்கள். அதனால் ‘ருயி’ என்று கேட்டால் அனுமன் கோயில் வாசல் பூக்காரர்களிடம் அது கிடைக்கும். பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக்கூடாது. நொச்சியை இங்கே ‘நிர்குடி’ என்பார்கள். ரயில் பாதை ஓரங்களிலும் காலி மனைகளிலும் ஆமணக்கு தானாகவே முளைத்துக் கிடக்கும். நேரமும் இடமும் இல்லாத வீடுகளில் இலைக்குப் பதில் ரப்பர் வெந்நீர்ப் பை வந்துவிட்டது. சூட்டைப் பொறுத்தவரை இடுப்புக்கு இரண்டும் ஒன்றே. சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத்தான் இரண்டுமே ஆபத்து, வெந்து கொப்புளம் வந்த பிறகே அவர்களுக்குத் தெரியும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழரோடு மலையாளிகளும் சேர்ந்து வாழ்வதால், கேரளத்து எண்ணெய் வைத்தியம் இப்பகுதித் தமிழர்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை. வைத்தியரத்தினம் பி.எஸ். வாரியர் 1902-ல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கிய பிறகு, வைத்தியர் வீட்டில் காய்ச்சிய தைலங்கள் குப்பியில் அடைபட்டு ஊர்விட்டு ஊர் வந்தன. தன்வந்தரம், சகசராதி, கொட்டஞ்சுக்காதி, முறிவெண்ணெய் ஆகிய பெயர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் காபித்தூள் பெயர்போலப் பழகிவிட்டன. இடுப்புக்கென்றே உள்ள சிகிச்சை கடி வஸ்தி. உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து அடிமுதுகில் கரைகட்டி, நடுவில் இளஞ்சூடான தைலத்தை ஊற்றி, ஆற ஆற மாற்றி அரைமணி நேரம் வைத்திருப்பார்கள். வழக்கமாக ஏழு நாளோ அதற்கு மேலோ தொடரும். இதைவிடக் கடுமையானது மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி வைத்தியர் காலால் அழுத்தி உழியும் சவுட்டித் திருமல். அது பயிற்சியுள்ள ஆளுக்கும் திடமான நோயாளிக்கும் மட்டுமே உரியது. பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டுமென்றால் வொர்லியில் போதார் ஆயுர்வேத மருத்துவமனை இருக்கிறது. தாராவிக்கு அருகே சயானிலும் ஆயுர்வேதக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன.

தைலத்துக்கு நேரமில்லாத நகரம் பாமைக் கைக்கொண்டது. அப்படி ஒரு பாம் பிறந்ததும் இதே மும்பையில்தான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தை 1893-ல் பம்பாயில் தொடங்கினார். நிறுவனம் 1914-ல்தான் சென்னைக்குப் போனது. கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம், வின்டர்கிரீன் எண்ணெய் இவற்றின் சேர்க்கைதான் பெரும்பாலான வலி பாம்கள். தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி ஆழத்து வலியிலிருந்து கவனத்தைப் பிரிப்பது அவற்றின் வேலை. இந்த வகையில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் மதிப்பது மிளகாயை. காரத்தைத் தரும் கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உப்பு ஒற்றடமும் மிளகாய்ச் சத்துப் பசையும் உடலுக்குள் ஏறக்குறைய ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அதற்காகச் சமையலறை மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசிவிடக்கூடாது; தோல் வெந்துபோகும்.

உள்ளுக்குச் சாப்பிடுவதில் உணவும் மருந்தும் கலந்தே இருக்கின்றன. கருப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி இடுப்புக்குப் பலம் என்பது நெல்லைப் பெண்களின் அசையாத கருத்து. பெரியவளான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைக் கொடுக்காத வீடு குறைவு. புரதமும் எண்ணெயும் உள்ள நல்ல சாப்பாடு அது. வலிக்கு மருந்து என்று நிறுவப்பட்டதில்லை. முடக்கத்தான் கீரைத் தோசையும் பிரண்டைத் துவையலும் அப்படியே. பிள்ளைப்பேற்றுக்குப் பின் நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் வீசி ஊற்றும் பழக்கத்தோடு, மும்பையில் மாலிஷ்வாலி பாய் என்ற ஒருத்தி வந்து சேர்ந்தாள். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே வரவில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போகும் அவளுடைய கை, தாய்வீட்டை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவந்த பெண்களுக்குப் பெரிய உதவி. அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவளுக்குத் தையல் ஆறும்வரை வயிற்றில் கைவைக்கக்கூடாது என்பதை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

அமுக்கரா சூரணம், குக்குலு சேர்ந்த மாத்திரைகள், விடமுட்டி சேர்ந்த தைலங்கள் என்று போகும்போது அது உணவல்ல, மருந்து. விடமுட்டி என்பது எட்டிக்கொட்டை. உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் இப்படிப்பட்ட நச்சுச் சரக்குகளைத் தனிப் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவேண்டும் என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் சொல்கின்றன. உரிமம் பெற்ற தயாரிப்பில் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அது எதுவும் இல்லாமல் தாளில் மடித்துத் தரும் பொடிதான் ஆபத்து. இரண்டு வேளையில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டும். மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த பொடிகள் இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. தொடர்ந்து தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். முதுகெலும்பே நொறுங்கினால் எந்த ஆசானாலும் எதுவும் செய்ய இயலாது.

ஆங்கில மருத்துவம் இந்தக் கைவைத்தியத்தை எப்படி மதிப்பிடுகிறது? நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நெறிமுறை வெளியிட்டது. சான்றின் உறுதி குறைவு என்ற குறிப்போடு, மசாஜையும் பயிற்சி பெற்றவர் செய்யும் முதுகெலும்புக் கைமுறையையும் உடற்பயிற்சியையும் அது ஏற்றுக்கொண்டது. மேற்பூச்சு மிளகாய் மருந்துக்கும் இடம் கொடுத்தது. மருத்துவமனைகளில் தாராளமாகத் தரப்படும் இடுப்புப் பெல்ட்டையும், எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது. இயந்திரம் தோற்று எண்ணெய்க் கை வென்ற இடம் இது. மரபு வைத்தியம் ஒரு விஷயத்தில் மட்டும் பின்தங்கி இருக்கிறது. சிகிச்சை நாட்களில் அசையாமல் படுக்கச் சொல்வது பல வைத்தியர்களின் பழக்கம். படுத்தே கிடந்தால் முதுகுத் தசை இளைத்து வலி நீளும் என்பதால், முடிந்தவரை நடமாடச் சொல்வதே இன்றைய முறை. எண்ணெய் தேய்த்துக் கிடைத்த நிம்மதியை வைத்துக்கொண்டு எழுந்து நடந்தால்தான் தேய்த்ததற்குப் பலன்.

இனி, கைவைக்கவே கூடாத வலிகள். சிறுநீரோ மலமோ அடக்க இயலாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் இழுத்துக்கொள்வது ஆகியவை நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போகவேண்டும்; ஒருநாள் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் கால் திரும்ப வராமலே போகலாம். விழுந்து அடிபட்ட வலி, புற்றுநோய் வந்து போனவரின் புதிய வலி, முதியவருக்கு இருமியபோதோ குனிந்தபோதோ திடீரென்று வந்த வலி இவற்றுக்கும் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் அழுத்தக்கூடாது. பக்கவாட்டில் தொடங்கித் தொடைச் சந்துக்கு இறங்கிப் புரட்டி எடுக்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல்.

தாராவிபோன்ற நெரிசலான இடங்களில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ல் விவரித்த நோய் இது, மும்பையில் இன்றும் சாதாரணமாகக் காணப்படுவது. இரவில் வலி கூடும், சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், பசி போகும், உடம்பு இளைக்கும். இருமல் இருக்கவேண்டும் என்பதில்லை. அரித்துப்போன எலும்பை அழுத்தியும் திருகியும் விட்டால் அது இடிந்து தண்டுவடத்தை நசுக்கலாம். சில வாரமாக ஒற்றடத்துக்கும் தைலத்துக்கும் மசியாத இடுப்புவலியோடு காய்ச்சலோ இளைப்போ சேர்ந்தால் அடுத்த தைலத்தைத் தேடக்கூடாது. தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை என்று எல்லாரும் சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.